மாதரி வீட்டுப் புதுப்பானை

சிலப்பதிகாரத்தின் மாதரி கதையை இருபத்தைந்து வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பாடத்தில் இருந்த வருடங்களிலும் சொன்னேன், இல்லாத வருடங்களிலும் சொன்னேன். அவ்வளவு பிடித்த இடம். மதுரையில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நிற்கும் கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்ற ஆயர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாதரி தன் இருப்பிடத்திலேயே செம்மண் பூசிய வீடு ஒன்றை அவளுக்கும் கணவன் கோவலனுக்கும் ஒழித்துத் தருகிறாள். சமைக்கப் புதுப்பானைகள் தருகிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி என்று கொண்டுவந்து இறக்குகிறாள். கூடமாட உதவிக்குத் தன் மகள் ஐயையையே விடுகிறாள். பிறகு கோவலன் கொலையுண்ட செய்தி வருகிறது. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்காமல் விட்டுவிட்டேனே என்று மாதரி தீயில் விழுந்து உயிரை விடுகிறாள்.

இந்த இடம் வரும்போது எனக்குக் குரல் கம்மும். பிள்ளைகளும் அமைதியாகிவிடுவார்கள். அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரமாக, முகாம் பிள்ளைகள் நான்கைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். எங்கள் ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இலங்கை அகதிகள் முகாமிலிருந்து நடந்து வருகிறவர்கள். மாதரியையும் அந்தப் பெஞ்சையும் நான் ஒருநாள்கூடச் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

இது என் ஒருவனுடைய கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நம் ஊர்கள் பலவற்றின் கதை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்றும் சுமார் 58 ஆயிரம் பேர் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்கிறவர்கள் இன்னும் 30 ஆயிரத்துக்கு மேல். மண்டபம், கும்மிடிப்பூண்டி, புழல், பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு, கரூர் இராயனூர், வேலூர் மேல்மொணவூர் என்று தமிழ்நாட்டின் முக்கால்வாசி மாவட்டங்களில் முகாம் இருக்கிறது. அதாவது நம்மில் பெரும்பாலோர் ஒரு முகாமிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில்தான் குடியிருக்கிறோம். எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

நம் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது: தொப்புள்கொடி உறவு. மேடையில் சொன்னோம், சுவரொட்டியில் அடித்தோம், பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கினோம். நானும் சொல்லியிருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை அவர்கள் நம் உடன்பிறப்புகள். இந்தப் பக்கம் வந்து, வாடகைக்கு வீடு கேட்டு வாசலில் நின்றபோது, ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்டோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தெருவில் எங்களுக்கு இன்னொரு சின்ன வீடு இருந்தது. ஓட்டு வீடு, ஒரு கூடம், ஒரு அடுக்களை. 1989 வாக்கில் முகாமுக்கு வெளியே இருந்த ஒரு குடும்பம் அதில் குடிவந்தது. கணவன் மனைவி, வயதான அம்மா, ஒரு பையன். வாடகை ஒருநாள் தவறவில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். அந்த அம்மா மாலையில் வாசலில் உட்கார்ந்து சம்பல் இடிக்கிற சத்தம்தான் அந்த வீட்டிலிருந்து வரும் பெரிய சத்தம். பண்டிகை நாட்களில் எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும், பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது.

1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த வாரமே தெருவில் பேச்சு மாறிவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. ‘எதுக்கு வம்பு’ என்ற இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, வீட்டை மராமத்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான்தான் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது வேலை கிடைத்து ஒரு வருடம், கல்யாணமாகவில்லை, வாய் நிறையத் தமிழ்ப் பற்று. வேண்டாம் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனிதர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ‘ஓம் தம்பி, விளங்குது’ என்றார். மூன்றாம் நாள் காலி செய்தார்கள். சாவி வாங்கப் போனபோது கூடம் கழுவி விட்டிருந்தது. அடுக்களை அடுப்பில் கரி இல்லை, சாம்பல் இல்லை, மெழுகியிருந்தது. மராமத்து பார்க்கப் போகிற வீட்டை யார் மெழுகுவார்கள்? நாங்கள் சொன்னது பொய் என்று தெரிந்துதான் மெழுகிக் கொடுத்தார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பல வருடம் அதையே நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு கொலைக்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி இறுகியது எல்லோருக்கும் தெரியும். அது அரசின் வேலை, அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ தெருக்களில் வீட்டுக் கதவுகளைச் சாத்தியதற்கு எந்த அரசாணையும் இல்லை. அது நம்முடைய வேலை. குண்டுக்குப் பயந்து கடலில் இறங்கி வந்தவர்களைக் கண்டு நாம் பயந்தோம். அந்தப் பயம்கூட ஒரு வருடத்தில் போய்விட்டது. அவர்களை விட்டுத் தள்ளி இருக்கிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது, ஏனென்றால் அது வசதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். முகாமிலிருந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை. முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கிறேன். பெயர் வாசித்ததும் எழுந்து, ‘ஓம் சேர்’ என்றாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. நான் அதட்டினேன், ஆனால் அதட்டும்போது என் முகத்திலும் சிரிப்பு இருந்தது. பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் ‘ஓம்’ என்று சொல்லிச் சொல்லி அவளைச் சுற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் ‘உள்ளேன் ஐயா’ என்றாள். தீபாவளிக்குள் ‘பேந்து’ போய் ‘அப்புறம்’ வந்தது, ‘கதைக்கிறது’ போய் ‘பேசுறது’ வந்தது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அவள் எங்கள் ஊர்க்காரப் பிள்ளை மாதிரியே பேசினாள். நல்லா ஒட்டிக்கிட்டா என்று ஆசிரியர் அறையில் மெச்சிக்கொண்டோம்.

அவள் ஒட்டிக்கொண்டாள், சரி. நாங்கள் என்ன கொடுத்தோம்? ஒரு குழந்தை தன் வீட்டுத் தமிழை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது, அதுவும் தமிழ் வகுப்புக்கு. மன்னார்ப் பக்கத்துப் பேச்சு அது. நாம் இலக்கியத்தில் மட்டும் பார்க்கிற பழைய சொற்கள் எத்தனையோ அவர்கள் பேச்சில் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு தமிழாசிரியனுக்கு அது புதையல். அவளை எழுப்பி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல் என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும், வகுப்பு வேறு மாதிரி ஆகியிருக்கும். கேட்கத் தோன்றவில்லை. சில வருடம் கழித்துத் ‘தெனாலி’ படம் வந்தது. கமல்ஹாசன் பேசிய இலங்கைத் தமிழைக் கேட்டு ஊரே சிரித்தது. அதே பேச்சைப் பேசும் குடும்பங்கள் மூன்று கிலோமீட்டரில் இருப்பது அந்தச் சிரிப்பில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

உதவித்தொகை விண்ணப்பம், கணக்கெடுப்பு என்று ஏதாவது வரும்போது, ‘முகாம் பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க’ என்று சொல்வேன். எழுந்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அரை நிமிஷம் கூடுதலாகியிருக்கும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்க எத்தனை பிள்ளைகளை, எத்தனை வருடம், எத்தனை முறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு அகதிகள் முகாம் இருக்கிற அந்த இடம் வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, கப்பலேற அனுப்பிய இடம். ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் கொள்ளுப்பாட்டன்களின் அண்ணன் தம்பிகள் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். 1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை இரு நாடுகளும் லட்சக்கணக்கில் எண்ணிப் பங்கு போட்டன. இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம் என்று. வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர் ‘சிலோன்காரர்கள்’. மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து இங்கே ஓடி வந்த குடும்பங்களும் முகாம்களில் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு, தாத்தா பிறந்த கிராமம் முகாமிலிருந்து ஒரு நாள் பயண தூரத்தில்தான் இருக்கும். அந்தக் கிராமத்தில் அவர்கள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போனவர்களை நாம் மறந்தோம், திரும்பி வந்தவர்களை அடையாளம் தெரியவில்லை என்றோம்.

2008 அக்டோபரில் ஈழப் போரை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. 2009 ஜனவரி 29-ஆம் தேதி முத்துக்குமார் என்ற இளைஞர் அதே கோரிக்கைக்காகத் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். அந்த மாதங்களில் எங்கள் ஊரும் கொதித்தது. ஊர்வலம் போனோம், கடையடைப்பு நடந்தது, நான் கவிதை எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன், கண்ணீரோடுதான் வாசித்தேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஊர்வலம் பஸ் நிலையத்தில் தொடங்கித் தாலுகா அலுவலகத்தில் முடிந்தது. முகாம் இருக்கிற சாலைக்கு அது திரும்பவே இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வன்னிக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். போன் எடுக்காத அண்ணன், எங்கே இருக்கிறாள் என்று தெரியாத தங்கை. ஒரு துக்க வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவது நமக்குத் தெரியாத வழக்கமா? இழவு வீட்டைத் தாண்டிப் போய், மைதானத்தில் நின்று அழுதிருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தவர் முகாம்காரர். முகாம் ஆண்களில் பெரும்பாலோருக்கு அந்த வேலைதான். வளையாமல் கோடு இழுப்பார், ஒரு சொட்டு தரையில் விழாது. சில நாள் மதியமே பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்படுவார். ‘இன்டைக்கு செக்கிங் சேர்’ என்பார். அதிகாரிகள் வந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும்போது குடும்பமே நிற்க வேண்டும், இல்லையென்றால் பதிவில் சிக்கல். வேலை பாதியில் நிற்கிறதே என்று எனக்கு எரிச்சல் வரும். ஒரு மனிதர் தன் தலையை எண்ணிக் காட்ட ஓட வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. மூன்றாவது முறை வந்தபோதுதான் அவர் மகன் பொறியியல் முடித்துவிட்டு அவரோடு ஏணி பிடிக்கிறான் என்று தெரிந்தது. ‘ஏன், வேலைக்குப் போகலாமே’ என்றேன். அவர் சிரித்தார். அவருடைய பெயரை அன்றுதான் கேட்டேன். முதல் முறை பெயின்ட் அடித்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இதே மக்களின் அண்ணன் தம்பிகள் கனடாவுக்குப் போனார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் கரை சேர்த்தார்கள். மொழி தெரியாத மீனவர்கள். 2011-இல் இலங்கையில் பிறந்த ராதிகா சிற்சபேசன் கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஜனவரி மாதத்தை அங்கே தமிழர் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிறார்கள். நாம் அந்தச் செய்திகளைப் பெருமையோடு பகிர்ந்துகொள்கிறோம். அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒரே தாய் வயிற்றில் பிறந்து அங்கே போனவர் வாக்களிக்கிறார், வரி கட்டுகிறார், வீடு வாங்குகிறார். தமிழ் பேசும் மண்ணுக்கு வந்தவர் நாற்பது வருடமாகப் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறார். சட்டம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறை சரியில்லை என்று உரக்கச் சொல்ல நமக்கு எந்தச் சட்டம் தடையாக இருந்தது? 2021-இல் முகாம்களுக்குப் பெயர் மாற்றினார்கள், புது வீடுகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள், கட்டவும் தொடங்கினார்கள். நல்ல காரியம். முந்தைய முப்பத்தெட்டு வருடத்தில் தார்ஷீட் கூரை ஒழுகுகிறது என்று எங்கள் ஊரிலிருந்து ஒரு மனுகூடப் போனதில்லை. ஆசிரியர் சங்கத்தில் நான் பொறுப்பில் இருந்தேன், எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முகாமுக்குள்ளேயே எழுந்து நின்றவர்கள் உண்டு. ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல்லாயிரம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதுவும் பெரும்பாலும் அகதிகளே அகதிகளுக்குச் செய்துகொண்டது.

இப்போது என்னை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ‘ஓம் சேர்’ என்று சொன்ன அந்தப் பெண் பிள்ளையை 1997-இல் சேர்த்தபோது விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது நான். அவள் அம்மா பாலித்தீன் கவரிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். 1985-இல் படகேறி வந்து, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிப் போய், 1990-இல் சண்டை மூண்டதும் மறுபடி வந்த குடும்பம். முதல் முறை வந்திருந்தபோது பிறந்தவள் அவள். பிறப்புச் சான்றிதழில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனை, 1986 என்று இருந்தது. என் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதியை அதிலிருந்து எடுத்து எழுதினேன். அடுத்தது தேசிய இனம் என்ற கட்டம். ‘இலங்கை’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. அந்த அம்மாவைக்கூடக் கேட்கவில்லை. முகாம் பிள்ளை என்றால் இலங்கை, அவ்வளவுதான். பிறகு பத்தாம் வகுப்பு, மாற்றுச் சான்றிதழ் என்று அந்த ஒரு சொல் அவள் கூடவே போனது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். நம் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2022-இல் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கட்டமும் என் நீல மையும்தான். சட்டம் அவளை இந்தியர் என்று சொல்லியிருக்கிறது. அவளை வெளிநாட்டவள் ஆக்கியது என் கையெழுத்து. இத்தனை வருடம் சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் அகதிகளோடு நின்றுவிடவில்லை. இன்று திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அவர்கள் எல்லோரையும் போட்டு மூடுகிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பொய் வீடியோக்களை நம்பிப் பலர் அரண்டு ரயிலேறினார்கள். அவர்கள் அப்படி நம்பும் அளவுக்கு நம்மோடு ஒட்டாமல் இருந்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. பெயர் கேட்டுப் பழகிய வீட்டுக்காரரோ கடைக்காரரோ பக்கத்தில் ஒருவர் இருந்தவர்கள் அவ்வளவு எளிதில் ஓடியிருக்க மாட்டார்கள். மொழி தெரிந்தவர்களிடமே நாம் இப்படி நடந்துகொண்டோம் என்பதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

‘ஓம் சேர்’ என்று சொன்ன அந்தப் பெண்ணைப் பார்க்கப் போன தை மாதம் முகாமுக்குப் போனேன். முப்பது வருடத்தில் முதல் முறை. அவளுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிற வயது, இரண்டு பிள்ளைகள், தையல் வேலை. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றாள். எதற்காக வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன், மன்னிக்கச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘அதைப் பேந்து கதைப்பம் சேர். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ’ என்றாள். ஆறாம் வகுப்பில் தொலைந்துபோனது என்று நான் நினைத்த பேச்சு அப்படியே இருந்தது. வீட்டில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அவளுடைய பிறப்புச் சான்றிதழின் மூலப்படி 2004 சுனாமிக்குப் பின் இடம் மாறியபோது தொலைந்துவிட்டது. நகல் எடுக்க ராமநாதபுரத்துக்கு இரண்டு முறை அவளோடு போய் வந்திருக்கிறேன். வழக்கறிஞர் ஒருவர் பணம் வாங்காமல் பார்க்கிறேன் என்றிருக்கிறார். நான் வேலை பார்த்த பள்ளியில் 1997-ஆம் வருடத்துச் சேர்க்கைப் பதிவேடு இன்னும் இருக்கிறது, தலைமையாசிரியர் எடுத்துக் காட்டினார். அந்த வரியில் என் கையெழுத்து மங்காமல் இருக்கிறது. தவறாகப் பதிந்தவன் நான் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். பலன் கிடைக்குமா என்று தெரியாது, முயன்றுகொண்டிருக்கிறோம்.

முகாம் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1990-களில் உங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர் ஒருவராவது இருந்திருப்பார். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். பழைய பதிவேடுகள் பள்ளி பீரோவில்தான் இருக்கும். போய் எடுத்துப் பாருங்கள்.